தொடுவதற்கு முன்... நிலைமின்சாரமும் நெட்வொர்க் கருவிகளும்



டிப்ளமோ முடித்து வெளியே போகும் உங்களில் பலருக்கு முதல் வேலை நெட்வொர்க் பராமரிப்பாகத்தான் அமையும். வங்கிக் கிளை, ஆஸ்பத்திரி, மில், கல்லூரி என்று எங்கே போனாலும் ஒரு ரேக், அதில் ரெண்டு ஸ்விட்ச், ஒரு ரூட்டர் இருக்கிறது. ஒருநாள் உங்கள் கையில் ஒரு ஸ்குரூ டிரைவரையும், வெள்ளி நிறப் பையில் போட்ட ஒரு கார்டையும் கொடுத்து, "போய் மாத்திட்டு வாப்பா" என்பார்கள். கழற்றி மாட்டுகிற வேலைதானே, இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அந்தக் கார்டின் விலை உங்களுடைய பல மாதச் சம்பளமாக இருக்கலாம். அதை ஒரே தொடுதலில், உங்களுக்கே தெரியாமல், பாழாக்கிவிட முடியும்.

'உங்களுக்கே தெரியாமல்' என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஷார்ட் ஆனால் புகை வரும்; ஃபியூஸ் போனால் விளக்கு அணையும்; ஷாக் அடித்தால் கை உதறும். நிலைமின்சாரம் மட்டும் இப்படி எந்த அறிவிப்பும் கொடுக்காது. ஆகவே கண்ணையும் கையையும் நம்பி இந்த வேலையைச் செய்ய முடியாது; கணக்கையும் பழக்கத்தையும்தான் நம்ப வேண்டும். அது ஏன் என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு என்ன செய்வது என்று பார்ப்போம்.

1. மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

பிளாஸ்டிக் சீப்பால் தலை வாரிவிட்டுக் காகிதத் துணுக்குகளை இழுக்கிற சோதனையைச் சின்ன வகுப்பிலேயே செய்திருப்பீர்கள். 'உராய்வு மின்சாரம்' என்று எழுதி மார்க்கும் வாங்கியிருப்பீர்கள். உண்மையில் உராய்வுகூடத் தேவையில்லை. இரண்டு பொருள்கள் தொட்டுக்கொண்டு பிரிந்தாலே போதும். தொட்டுக்கொண்டிருக்கும்போது ஒன்றின் மேற்பரப்பிலிருந்து மற்றதற்கு எலெக்ட்ரான்கள் தாவுகின்றன. பிரிக்கும்போது அவற்றில் ஒரு பகுதி திரும்பி வராமல் அங்கேயே தங்கிவிடுகிறது. ஒன்று நேர் மின்னூட்டம், மற்றது எதிர் மின்னூட்டம். தேய்த்தால் தொடும் இடங்கள் அதிகமாகும். அதனால் மின்னூட்டமும் அதிகமாகும், அவ்வளவுதான்.

செருப்புக்காலோடு நடப்பது, ஃபோம் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பது, செலோ டேப்பை உரிப்பது, பாலிதீன் பையை மேஜையிலிருந்து எடுப்பது, தெர்மோகோலைப் பெட்டியிலிருந்து உருவுவது எல்லாமே தொட்டுப் பிரிகிற வேலைகள். ஒவ்வொன்றிலும் மின்சாரம் பிறக்கிறது. நம் தோல், கண்ணாடி, நைலான் போன்றவை எலெக்ட்ரானைக் கொடுக்கிற பக்கம், பாலியெஸ்டர், பி.வி.சி., டெஃப்லான் போன்றவை வாங்கிக்கொள்கிற பக்கம். பருத்தியும் காகிதமும் நடுவில். பாலியெஸ்டர் சட்டை போட்ட பையன் நைலான் உறை போட்ட நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் என்ன ஆகும் என்று இப்போது நீங்களே சொல்லிவிடலாம்.

2. நம் உடம்பும் ஒரு கெப்பாசிட்டர்

தரையில் நிற்கும் மனித உடம்பு ஒரு கெப்பாசிட்டர். நம் உடம்பு ஒரு தகடு, பூமி இன்னொரு தகடு, நடுவில் செருப்பின் ரப்பர். இதன் மின்தேக்குத்திறன் ஏறக்குறைய 100 பிக்கோஃபாரட். மிகச் சிறியதுதான். ஆனால் நீங்கள் படித்த சூத்திரத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள்: மின்னூட்டம் = மின்தேக்குத்திறன் × மின்னழுத்தம். மின்தேக்குத்திறன் சிறியதாக இருந்தால், கொஞ்சம் மின்னூட்டம் சேர்ந்தாலும் மின்னழுத்தம் எகிறிவிடும். 0.3 மைக்ரோகூலும் சேர்ந்தால் 3000 வோல்ட்!

இதே சூத்திரத்தில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. மேஜைமேல் கிடக்கும் பாலிதீன் பையைத் தூக்குகிறீர்கள். அதிலுள்ள மின்னூட்டம் மாறவில்லை. ஆனால் மேஜையை விட்டு விலக விலக மின்தேக்குத்திறன் குறைகிறது. அப்படியானால் மின்னழுத்தம் ஏறித்தானே ஆகவேண்டும்? கீழே கிடந்தபோது சாதுவாக இருந்த பை கைக்கு வந்ததும் பல ஆயிரம் வோல்ட் ஆவது இப்படித்தான்.

அமெரிக்க ராணுவத் துறை 1980-ல் வெளியிட்ட ஒரு கையேட்டில் ஒரு பட்டியல் உண்டு. அதற்குப் பிறகு வந்த பாடப்புத்தகங்களில் எல்லாம் திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்ட பட்டியல் அது. முதல் எண் காற்றில் ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதம் இருக்கும்போது. இரண்டாவது எண் 65 முதல் 90 சதவீதம் இருக்கும்போது.

கம்பளத்தின்மேல் நடந்தால்: 35,000 வோல்ட், 1,500 வோல்ட்
வினைல் தரையில் நடந்தால்: 12,000 வோல்ட், 250 வோல்ட்
மேஜையில் உட்கார்ந்து வேலை செய்தால்: 6,000 வோல்ட், 100 வோல்ட்
சாதாரணப் பாலிதீன் பையை மேஜையிலிருந்து எடுத்தால்: 20,000 வோல்ட், 1,200 வோல்ட்
ஃபோம் வைத்த நாற்காலியில்: 18,000 வோல்ட், 1,500 வோல்ட்

எல்லா இடத்திலும் இதே எண்கள் வரும் என்று அர்த்தமில்லை; எந்த அளவில் இருக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் இது.

இப்போது முக்கியமான எண்ணுக்கு வருவோம். விரல்நுனியில் 'சுளீர்' என்று நமக்கு உறைக்க வேண்டுமானால் உடம்பில் சுமார் 3000 வோல்ட் இருக்க வேண்டும். அதற்குக் கீழே எது இறங்கினாலும் நமக்குத் தெரியாது. 'டிக்' என்று சத்தம் கேட்க அதைவிடக் கூடுதலாக வேண்டும். பொறி கண்ணில் தெரிய இன்னும் கூடுதலாக வேண்டும்.

3. சிப்புக்குள் என்ன நடக்கிறது?

மாஸ் வகை டிரான்சிஸ்டரில் கேட்டுக்கும் சேனலுக்கும் நடுவே சிலிக்கன் ஆக்சைடு படலம் ஒன்று இருக்கும். 3.3 வோல்ட்டில் வேலை செய்யும் டிரான்சிஸ்டர்களில் அதன் தடிமன் சுமார் 7 நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் அதைப்போலப் பத்தாயிரம் மடங்கு! நல்ல தரமான சிலிக்கன் ஆக்சைடு ஒரு நானோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு வோல்ட் தாங்கும். ஆக, 7 நானோமீட்டர் படலம் பத்து வோல்ட் அளவிலேயே துளை விழுந்துவிடக்கூடிய பொருள்.

"அப்படின்னா தொட்டாலே எல்லா ஐ.சி.யும் போயிடணுமே சார்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சிப்பின் ஒவ்வொரு காலுக்கும் பக்கத்தில் டையோடுகளைக் கொண்ட பாதுகாப்புச் சுற்று ஒன்றை உள்ளேயே வைத்திருக்கிறார்கள். வரும் மின்சாரத்தை அது சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் திருப்பிவிடும். ஒரு காலத்தில் மனித உடம்பிலிருந்து வரும் 2000 வோல்ட்டைத் தாங்க வேண்டும் என்பது வழக்கமான இலக்கு. பிறகு 1000 வோல்ட் போதும் என்று தொழில்துறையே குறைத்துக்கொண்டது. காரணம், பாதுகாப்பு டையோடு பெரிதானால் அதன் மின்தேக்குத்திறனும் பெரிதாகும். கிகாபிட் வேகத்தில் ஓடும் சிக்னலை அது கெடுத்துவிடும். வேகம் கூடக்கூடக் கவசம் மெலிகிறது. நெட்வொர்க் கருவிகளில் கூடுதல் கவனம் வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

1000 வோல்ட்டைத் தாங்கும் சிப். 3000 வோல்ட்டுக்குக் கீழே எதுவும் உறைக்காத விரல். நடுவில் இருக்கிறதே அந்த 2000 வோல்ட் இடைவெளி, அங்கேதான் பல கார்டுகள் சத்தமில்லாமல் சாகின்றன.

சக்தியைக் கணக்குப் போட்டால் சிரிப்பு வரும். 100 பிக்கோஃபாரட், 3000 வோல்ட் என்றால் 0.45 மில்லிஜூல். ஒரு கிராம் எடையுள்ள பொருள் நாலரை சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் சக்திதான் இது. ஆனால் சோதனைச்சாலைகளில் மனித உடம்புக்குப் பதிலாக வைக்கும் 1500 ஓம் தடை வழியாக இது பாயும்போது உச்ச மின்னோட்டம் 2 ஆம்பியர். நேர மாறிலி 150 நானோசெகண்ட். கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில், கண் இமைக்கும் நேரத்தில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாத நேரத்தில், 2 ஆம்பியர் பாய்ந்தால் உலோகக் கம்பி உருகும், படலம் துளையாகும். தையல் ஊசி லேசாகக் குத்தினாலும் உள்ளே போய்விடுகிறது அல்லவா, அதுபோல.

4. உடனே போவது ஒன்று, காயப்பட்டு நிற்பது ஒன்று

பாதிப்பு இரண்டு வகை. முதல் வகையில் சிப் அப்போதே போய்விடும். கார்டை மாட்டினால் லைட் எரியாது. "புது கார்டே ஃபால்ட்" என்று திருப்பி அனுப்புவார்கள். பண நஷ்டம்தான், ஆனால் விஷயம் உடனே தெரிந்துவிடுகிறது.

இரண்டாம் வகை மோசமானது. படலத்தில் பாதித் துளை, கம்பியில் பாதி உருகல். கார்டு வேலை செய்யும், டெஸ்ட்டும் பாஸ் ஆகும். நீங்களும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடுவீர்கள். சில வாரமோ சில மாதமோ கழித்து, சூடு ஏறும்போது ஒரு போர்ட்டில் மட்டும் எர்ரர் எண்ணிக்கை ஏறும். இணைப்பு விழுந்து விழுந்து எழும்பும். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும், மறுபடியும் வரும். கேபிளை மாற்றுவார்கள், சாஃப்ட்வேரை மாற்றுவார்கள், கடைசியில் ஆளையே மாற்றுவார்கள். ஆஸ்பத்திரியிலோ வங்கியிலோ இப்படி ஒரு போர்ட் ஆடினால் அதன் விலை கார்டின் விலையோடு நிற்பதில்லை.

இப்படி ஒளிந்திருந்து கெடும் கேஸ்கள் எத்தனை சதவீதம் என்று ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். அந்தச் சதவீதச் சண்டை நமக்கு வேண்டாம். "மாட்டினேன், வேலை செஞ்சுது, அதனால நான் ஒண்ணும் கெடுக்கலை" என்ற வாதம் செல்லாது என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

5. மூன்று பாதைகள்

முதல் பாதை: மின்னேற்றம் பெற்ற மனிதன் கருவியைத் தொடுவது. இதைத்தான் இதுவரை பார்த்தோம்.

இரண்டாவது பாதை: கருவியே மின்னேற்றம் பெற்று, பிறகு உலோகத்தைத் தொடுவது. தெர்மோகோல்மேல் வைத்திருந்த கார்டை எடுத்து நேராக ஸ்லாட்டில் செருகுகிறீர்கள். முதல் தொடுதலிலேயே கார்டிலிருந்து மின்சாரம் வெளியே பாய்கிறது. இங்கே உடம்பின் தடை குறுக்கே இல்லை. ஒரு நானோசெகண்ட் அளவில் பல ஆம்பியர்கள். நீங்கள் எர்த் செய்துகொண்டு நின்றாலும் இது நடக்கும். அதனால்தான் கார்டு எதன்மேல் இருந்தது என்பதும் முக்கியம்.

மூன்றாவது பாதை நெட்வொர்க்காரர்களுக்கே உரியது: கேபிள். புதிதாக இழுத்த யு.டி.பி. கேபிள் பைப்புக்குள்ளும் தரையிலும் உரசிக்கொண்டு வருகிறது. இரண்டு முனையும் எதிலும் மாட்டாமல் கிடக்கும்போது அது நீளமான ஒரு கெப்பாசிட்டர். நீளம் கூடக்கூடச் சேரும் மின்னூட்டமும் கூடும். இன்சுலேஷன் நல்ல தரமாக இருந்தால் அது கசியாமல் நீண்ட நேரம் அப்படியே இருக்கும். அந்த முனையைக் கொண்டுபோய் ஸ்விட்ச் போர்ட்டில் செருகினால் என்ன ஆகும்? ஈதர்நெட் போர்ட்டுக்குள் 1500 வோல்ட் ஏ.சி. தாங்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் உண்டுதான். ஆனால் எட்டுக் கம்பிகளும் ஒரே கணத்தில் தொடுவதில்லை. ஒன்று முந்தித் தொட்டால் ஒரே ஜோடியின் இரண்டு கம்பிகளுக்கு நடுவே வித்தியாசம் பிறந்து, அது டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி உள்ளே இருக்கும் சிப்புக்குப் போய்விடும்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் போர்ட்டுகள் வரிசையாகப் போவது இந்தக் கணக்கில் வராது. அது மின்னலால் வரும் சர்ஜ். அதற்கு வேறு பாதுகாப்பு. ரிஸ்ட் ஸ்ட்ராப் மின்னலுக்கு மருந்தல்ல.

6. ஒரே விதி: சமப்படுத்து

எல்லா முன்னெச்சரிக்கைக்கும் அடிப்படை ஒன்றுதான். இரண்டு பொருள்களுக்கு நடுவே மின்னழுத்த வித்தியாசம் இருந்தால்தான் மின்சாரம் பாயும். நீங்கள், கார்டு, சேஸிஸ், மேஜை எல்லாம் ஒரே அழுத்தத்தில் இருந்தால் பாய்வதற்கு எதுவுமே இல்லை. பெட்ரோல் பங்க்கில் டேங்கர் லாரி வந்து நின்றதும் ஹோஸை மாட்டுவதற்கு முன் ஓர் எர்த் கிளிப்பை மாட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். அங்கே பயப்படுவது தீக்கு, இங்கே பயப்படுவது சிப்புக்கு. தத்துவம் ஒன்றுதான்.

ஆனால் இந்த விதி கடத்திகளுக்குத்தான் செல்லும். பிளாஸ்டிக் டீ கப், தெர்மோகோல், பாலிதீன் ஷீட் போன்ற இன்சுலேட்டர்களை எர்த் செய்ய முடியாது; கம்பியைக் கட்டினாலும் அதிலுள்ள மின்னூட்டம் நகராது. அவற்றுக்கு ஒரே வழி தள்ளி வைப்பதுதான். குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி. மேஜையைவிட்டே அகற்றிவிட்டால் இன்னும் நல்லது.

7. ரிஸ்ட் ஸ்ட்ராப்பும் அந்த 1 மெகாஓமும்

மணிக்கட்டில் ஒரு பட்டை, அதிலிருந்து சுருள் ஒயர், முனையில் கிளிப் அல்லது பின். பட்டையின் உள்பக்கத்து உலோகத் தகடு தோலைத் தொட வேண்டும். சட்டைக் கைமேல் கட்டினால் பிரயோஜனமில்லை. ஒயரின் மணிக்கட்டுப் பக்கத்தில் 1 மெகாஓம் ரெசிஸ்டர் ஒன்று ஒளிந்திருக்கிறது. அதுதான் உங்கள் உயிர்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்ட்ராப் கட்டியிருக்கும்போது தப்பித் தவறி இன்னொரு கை 230 வோல்ட் ஃபேஸில் பட்டுவிட்டது. 230 வோல்ட்டை 1 மெகாஓமால் வகுத்தால் 0.23 மில்லிஆம்பியர். மனிதனுக்கு உறைக்கவே அரை முதல் ஒரு மில்லிஆம்பியர் வேண்டும். ரெசிஸ்டர் இல்லையென்றால்? உங்கள் உடம்பு நேராக எர்த்துக்குக் கட்டப்பட்டிருக்கிறது. வீட்டில் மாட்டும் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் 30 மில்லிஆம்பியரில் டிரிப் ஆகும்படி வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் நீடித்தால் உயிருக்கு ஆபத்து என்பதால்தான். ஆகவே வெறும் காப்பர் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டு பிளக்கின் எர்த் பின்னில் சொருகுகிற 'சொந்தத் தயாரிப்பு' ஸ்ட்ராப் வேண்டவே வேண்டாம். ஃபேஸும் எர்த்தும் மாறிப்போன சாக்கெட்டில் அது கொலைக்கருவி. ரெசிஸ்டர் உள்ள நல்ல ஸ்ட்ராப்பாக இருந்தாலும், எஸ்.எம்.பி.எஸ். மூடியைத் திறந்து பவரோடு வேலை செய்யும்போது கழற்றிவிடுங்கள்.

"இவ்வளவு பெரிய ரெசிஸ்டர் வெச்சா மின்னூட்டம் எப்ப சார் இறங்கும்?" இதற்கும் கணக்கு உண்டு. 1 மெகாஓம் × 100 பிக்கோஃபாரட் = 0.1 மில்லிசெகண்ட். உடம்பிலுள்ள 3000 வோல்ட் 100 வோல்ட்டுக்கு இறங்க அரை மில்லிசெகண்ட்கூட ஆகாது. ஆளுக்கும் ஆபத்தில்லை, சிப்புக்கும் ஆபத்தில்லை. எவ்வளவு அழகான டிசைன் பாருங்கள்!

ஸ்ட்ராப்பை மாதம் ஒருமுறையாவது மல்டிமீட்டரில் பாருங்கள். தகட்டுக்கும் கிளிப்புக்கும் நடுவே 1 மெகாஓம் அளவில் காட்ட வேண்டும். சிஸ்கோ நிறுவனத்தின் கையேடுகள் 1 முதல் 10 மெகாஓம் வரை இருக்கலாம் என்கின்றன. முடிவில்லாமல் காட்டினால் சுருள் ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது. பூஜ்யம் காட்டினால் ரெசிஸ்டர் ஷார்ட். இரண்டுமே குப்பைக்கு. ஒயரே இல்லாத 'ஒயர்லெஸ் ஸ்ட்ராப்' என்று கடையில் ஒன்று விற்பார்கள். மின்னூட்டம் போக வழியில்லாத ஸ்ட்ராப்பால் என்ன லாபம்? காசை வீணாக்காதீர்கள்.

8. பைகளின் பாஷை

ரோஸ் நிறப் பை தானாக மின்னூட்டத்தை உண்டாக்காது, அவ்வளவுதான். வெளியிலிருந்து வருவதை அது தடுக்காது. நாளாக நாளாக அந்தக் குணமும் குறைந்துவிடும். வெள்ளி நிறப் பையில் மெல்லிய உலோகப் படலம் இருக்கிறது. உள்ளே இருக்கும் கார்டுக்கு அது ஃபாரடே கூண்டு. கார்டை இடம் மாற்றும்போது வேண்டியது இதுதான். ஆனால் வாய் மூடியிருக்க வேண்டும். கிழிந்து கசங்கிய பை கூண்டல்ல. கறுப்புப் பையும் கறுப்பு ஃபோமும் கார்பன் கலந்த கடத்திகள். அதன்மேல் வைத்துக் கார்டுக்குப் பவர் கொடுக்கக் கூடாது.

பையின் மேலுள்ள படத்தையும் படியுங்கள். முக்கோணத்துக்குள் ஒரு கை, அதன்மேல் குறுக்குக்கோடு: 'இது நிலைமின்சாரத்தால் கெடக்கூடிய பொருள்' என்று அர்த்தம். குறுக்குக்கோடு இல்லாமல், முக்கோணத்தின்மேல் குடை பிடித்தாற்போல் ஒரு வளைவு இருந்தால்: 'இது பாதுகாப்புக் கொடுக்கும் பொருள்'.

9. ரேக்கில் கார்டை மாற்றும் முறை

1. பவரோடு கழற்றலாமா, கூடாதா என்று கையேட்டில் முதலில் பாருங்கள். எல்லாக் கார்டும் அப்படிக் கழற்றக்கூடியவை அல்ல.

2. சேஸிஸின் எர்த் லக் இறுக்கமாக இருக்கிறதா, அந்த ஒயர் எர்த் பட்டிவரை போகிறதா என்று பாருங்கள். சேஸிஸே எர்த் ஆகவில்லை என்றால் மற்றதெல்லாம் வேஷம்.

3. ஸ்ட்ராப்பைக் கட்டி, சேஸிஸில் அதற்கென்றே இருக்கும் துளையில் செருகுங்கள். துளை இல்லாவிட்டால் பெயின்ட் அடிக்காத உலோகத்தில் கிளிப்பை மாட்டுங்கள். பெயின்ட் ஓர் இன்சுலேட்டர். ரேக்கின் பளபளப்பான கதவில் மாட்டினால் மாட்டாததுக்குச் சமம்.

4. புதுக் கார்டை மாட்டும் நிமிஷம் வரை பையிலேயே வையுங்கள். திறப்பதற்கு முன் பையோடு சேஸிஸைத் தொடுங்கள்.

5. பழைய கார்டின் ஸ்குரூக்களைத் தளர்த்தி, இரண்டு பக்க நெம்புகோல்களையும் ஒரே நேரத்தில் இழுங்கள். முகப்புத் தகட்டையும் ஓரத்தையும் மட்டும் பிடியுங்கள். ஐ.சி.களிலும் பின்பக்கக் கனெக்டரிலும் விரல் படக் கூடாது.

6. கழற்றிய கார்டு செத்ததாக இருந்தாலும் உடனே பையில் போடுங்கள். ரிப்பேருக்குப் போகிற கார்டில் நீங்கள் இன்னொரு ஃபால்ட்டைச் சேர்த்து அனுப்பக் கூடாது.

7. புதுக் கார்டைச் செருகி நெம்புகோலை மூடிய பின் ஸ்குரூக்களை முழுக்க இறுக்குங்கள். கார்டைச் சேஸிஸோடு எர்த் செய்வதில் அந்த ஸ்குரூக்களுக்கும் பங்கு உண்டு. காலி ஸ்லாட்டுக்கு மூடித்தகடு போடுங்கள்.

8. இன்னொருவர் கையில் கார்டைக் கொடுக்க வேண்டுமானால், முதலில் அவர் கையைத் தொட்டுவிட்டுப் பிறகு கொடுங்கள். இரண்டு பேரும் சமம் ஆகட்டும்.

ஃபைபர் இணைப்புக்கான எஸ்.எஃப்.பி. மாட்யூலில் லேசர் டையோடு இருக்கிறது. அது ரொம்ப மென்மை. பக்கவாட்டில் பிடியுங்கள், பின்முனைத் தங்கத் தடங்களைத் தொடாதீர்கள், மூடியைக் கழற்றிப் போடாதீர்கள்.

புதிதாக இழுத்த கேபிளுக்கு லேபிலேயே ஒரு சாமான் செய்துகொள்ளலாம். ஓர் ஆர்.ஜே.45 சாக்கெட்டின் எட்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து, 1 மெகாஓம் ரெசிஸ்டர் வழியாக எர்த்துக்குக் கொடுங்கள். மறுமுனை எதிலும் மாட்டாமல் இருக்கும்போது கேபிளை இதில் ஒருமுறை செருகி எடுத்துவிட்டு, உடனே ஸ்விட்சில் செருகுங்கள். செலவு ஒரு டீ, வடைக்கு ஆகிற காசுதான்.

10. ஈரக்காற்றை நம்பலாமா?

கோயம்புத்தூர், ராஜபாளையம் பக்கத்து ஸ்பின்னிங் மில்களில் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். நூல் அறாமல் இருப்பதற்கும், நிலைமின்சாரத்தால் இழைகள் உருளையில் சுற்றிக்கொள்ளாமல் இருப்பதற்கும்தான் அது. ஈரக்காற்றில் பொருள்களின் மேற்பரப்பில் மெல்லிய நீர்ப்படலம் படிந்து, மின்னூட்டம் கசிந்து ஓடிவிடுகிறது.

"அப்ப சென்னையில இந்தப் பிரச்சினையே இல்லையே சார், எப்பவும் புழுக்கம்தானே?" புழுக்கம் வெளியில். சர்வர் அறையில் ஏ.சி. ஓடுகிறது. பின்பக்கக் குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிகிறதே, அது அந்த அறைக் காற்றின் ஈரம். மேலேயுள்ள பட்டியலை மறுபடி பாருங்கள்: ஈரக்காற்றிலேயே பாலிதீன் பை 1,200 வோல்ட், நாற்காலி 1,500 வோல்ட். கைக்கு உறைக்காது, சிப்புக்குப் போதும். வேலை கிடைத்து வடக்கே போனால் குளிர்காலத்தில் கதவுக் கைப்பிடியே உங்களுக்குப் பாடம் நடத்தும். ஈரப்பதம் ஓர் உதவிதான். எர்த்துக்கு அது மாற்று இல்லை.

11. லேபில் கேட்கும் கேள்விகள்

"சார், ஸ்ட்ராப் இல்லாத இடத்துல அவசர வேலைன்னா?" வேலையைத் தொடங்கும் முன் எர்த் ஆன சேஸிஸின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொடு, ஒரு கை எப்போதும் அதன்மேலேயே இருக்கட்டும், இடத்தை விட்டு நகர்ந்தால் திரும்பி வந்து மறுபடி தொடு. இது ஒப்பேற்றுகிற வழிதான். கால் அசைந்தாலே மின்னூட்டம் மறுபடி சேரும் என்பதை மறக்காதே.

"காட்டன் சட்டை போட்டா போதுமா?" பாலியெஸ்டரைவிட நல்லது. ஆனால் சட்டைக்கும் எர்த்துக்கும் தொடர்பில்லை. முழுக்கையை மடித்துவிட்டுக்கொள், துணி கார்டில் உரசக் கூடாது.

"பிளக்கைப் பிடுங்கிட்டா பாதுகாப்புதானே?" பிடுங்கினால் எர்த்தும் சேர்ந்து போய்விடும். ரேக் கருவிகளில் தனி எர்த் ஒயர் இருப்பது அதற்காகத்தான். அது இல்லாத மேஜைக் கம்ப்யூட்டரில், எர்த் பின் உள்ள ஸ்ட்ராப்பையோ எர்த் செய்த பாயையோ பயன்படுத்து. சாக்கெட்டின் வயரிங் சரிதானா என்று டெஸ்டரில் பார்த்த பிறகு!

"சன்மைக்கா மேஜைமேல வேலை செய்யலாமா?" அதன்மேல் ஒரு நிலைமின்சாரப் பாயை விரித்து, அதையும் உன் ஸ்ட்ராப்பையும் ஒரே எர்த் புள்ளியில் சேர்த்தால் செய்யலாம். வெறும் சன்மைக்கா வேண்டாம்.

லேப் சுவரில் எழுதி ஒட்டிவைக்க நாலு வரி: முதலில் எர்த், பிறகு வேலை. பையைவிட்டுக் கடைசியில் எடு, பையில் முதலில் போடு. ஓரத்தைப் பிடி, நடுவைத் தொடாதே. பிளாஸ்டிக்கைத் தள்ளி வை.

இன்றைக்குத் தொழிற்சாலைகள் பின்பற்றும் ஐ.இ.சி. 61340-5-1 என்ற சர்வதேசத் தர நிர்ணயம் 100 வோல்ட்டில் கெடக்கூடிய பொருள்களையும் காப்பாற்றும்படி வகுக்கப்பட்டது. நமக்கு உறைக்கும் அளவில் முப்பதில் ஒரு பங்கு அது! பெரிய தொழிற்சாலையில் இதற்குத் தனி ஆள், தனி ஷூ, தனித் தரை எல்லாம் இருக்கும். ஏதோ ஓர் ஊரில், ஒரு வங்கிக் கிளையின் மாடிப்படிக்கு அடியில் உள்ள ரேக் முன்னால் நிற்கப்போகும் உங்களுக்கு அதெல்லாம் இருக்காது. அங்கே ஸ்ட்ராப்பைக் கட்டினீர்களா இல்லையா என்று பார்க்க மேலதிகாரி இருக்க மாட்டார். கட்டாமல் கெடுத்தாலும் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்திலும் முறைப்படி செய்கிறவனையே நல்ல டெக்னீஷியன் என்கிறோம். அந்தப் பெயரை நீங்கள் அனைவரும் எடுக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.